அருங்காட்சியகப் பொருள்களுக்கு யார் பொறுப்பு? சேகரிப்புத் தலைவர் பணி: ஓர் எளிய விளக்கம்

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிலை திரும்பி வருகிறது, செய்தியாகிறது. லண்டனில் பழங்கால நகைகள் காணாமல் போகின்றன, அதுவும் செய்தியாகிறது. உள்ளூர் அருங்காட்சியகத்தில் ஒரு கூடம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் முகநூலில் கோபம் கிளம்புகிறது. "மியூசியம்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த "மியூசியம்காரர்" யார், எது யார் பொறுப்பு என்பது கேட்பவர்களில் பலருக்குத் தெரியாது.

பலரும் நினைப்பது இதுதான்: கலை தெரிந்த ஒருவர் நல்ல பொருள்களாகத் தேடி வாங்குகிறார், கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார், மீதியைக் கிடங்கில் போட்டு மறந்துவிடுகிறார். உண்மையில் ஓர் அருங்காட்சியகத்தின் சேகரிப்புக்குத் தலைமை தாங்குபவரின் நேரத்தில் பெரும்பங்கு பதிவேடு, ஈரப்பதம், அலமாரி, சட்டம், நிதி ஆகியவற்றோடுதான் கழிகிறது.

முதலில், யார் யார்?

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் துறை மட்டத்திலேயே தொடங்குகிறது. கீழடியில் அகழாய்வு செய்வதும் அங்குள்ள அருங்காட்சியகத்தை நடத்துவதும் மாநிலத் தொல்லியல் துறை. மாமல்லபுரக் கோயில்கள் மத்திய அரசின் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. 1851இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகமும் மாவட்டங்களில் உள்ள அரசு அருங்காட்சியகங்களும் அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தவை. கோயில் உற்சவ மூர்த்திகளைப் பத்திரப்படுத்தும் திருமேனிக் காப்பகங்களோ இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பு. ஒரு சிலை காணாமல் போனதற்கு எழும்பூர் இயக்குநரைத் திட்டுவது பல நேரங்களில் தவறான வீட்டுக் கதவைத் தட்டுவதுதான்.

இனி ஓர் அருங்காட்சியகத்துக்குள். இயக்குநர் என்பவர் நிறுவனம் முழுவதற்கும் பொறுப்பு: பணம், ஆட்கள், அரசு அல்லது அறங்காவலர் குழு, பொதுமக்கள். காப்பாட்சியர் ஒரு பொருள் வகையில் அறிஞர்; செப்புத் திருமேனிகள், நாணயங்கள், தாவரங்கள் என்று அவருக்கு ஒரு துறை இருக்கும். பொருளின் உடல்நலத்தைப் பார்ப்பவர் பாதுகாப்பு வல்லுநர். தாள்கள், எண்கள், ஒப்பந்தங்கள், போக்குவரத்து எல்லாம் ரெஜிஸ்ட்ரார் வேலை. பெரிய அருங்காட்சியகங்களில் ரெஜிஸ்ட்ரார், பாதுகாப்பு வல்லுநர்கள், கிடங்குப் பணியாளர்கள் எல்லோரையும் ஒரு குடைக்கீழ் வைத்து நடத்துபவர்தான் சேகரிப்புத் தலைவர். நம் மாவட்ட அருங்காட்சியகங்களில் இந்த வேலைகள் எல்லாவற்றையும் ஒரே காப்பாட்சியர்தான் செய்கிறார். பள்ளி மாணவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் அவரே.

நிலமும் மூலப்பத்திரமும்

சேகரிப்பு என்றால் பொருள்களின் குவியல் என்று நினைத்தால் இந்தப் பணி கடைசிவரை புரியாது. ஒரு நிலத்தை எண்ணிப் பாருங்கள். மண் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் மூலப்பத்திரம் இல்லை, பட்டா இல்லை, வில்லங்கச் சான்று இல்லை என்றால் அது யாருடையது, அதில் என்ன செய்யலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. வங்கி கடன் தராது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்தினால் கேட்கவும் வழியில்லை. அருங்காட்சியகப் பொருளும் அப்படித்தான். எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த ஆழத்தில் கிடைத்தது, யார் கொடுத்தார், எந்த உரிமையோடு கொடுத்தார் என்ற பதிவு இல்லாத சோழர் செப்புத் திருமேனி அழகான ஒரு உலோகப் பொருள், அவ்வளவுதான். அதை ஆராய முடியாது. தொலைந்தால் தேட முடியாது. "எங்களுடையது" என்று யாராவது வந்தால் பதில் சொல்லவும் முடியாது.

அருங்காட்சியகப் பொருள்களைக் கெடுக்கும் காரணிகளைக் கனடாவின் கலைப்பொருள் பாதுகாப்பு நிறுவனம் பத்தாகப் பட்டியலிட்டிருக்கிறது. அடி அதிர்வு, திருட்டு, தீ, தண்ணீர், பூச்சி, மாசு, ஒளி, தவறான வெப்பம், தவறான ஈரப்பதம் ஆகிய ஒன்பதும் யாரும் ஊகிக்கக்கூடியவை. பத்தாவதுதான் புதியவர்களுக்கு வியப்பு: தொடர்பறுதல், அதாவது பொருளுக்கும் அதைப் பற்றிய தகவலுக்கும் இருந்த கண்ணி அறுந்துபோவது. எண் எழுதிய சீட்டு உதிர்கிறது, பதிவேட்டின் பக்கம் கிழிகிறது, பெட்டியை இடம் மாற்றியவர் ஓய்வு பெறுகிறார். பொருளில் ஒரு கீறலும் இருக்காது. ஆனாலும் அது பாதி அழிந்ததற்குச் சமம். சேகரிப்புத் தலைவரின் வேலைகள் எதை எடுத்தாலும் இந்தக் கண்ணியைக் காப்பதில்தான் வந்து முடியும்.

சுருக்கமாக: பொருளும் அதன் பதிவும் சேர்ந்ததே சேகரிப்பு. காப்பாட்சியர் பொருளின் அர்த்தத்தைச் சொல்கிறார். சேகரிப்புத் தலைவர் இரண்டும் பிரியாமல் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு பொருள் உள்ளே வரும் வழி

வாசலில் ஒருவர் தாத்தா காலத்து ஓலைச்சுவடிக் கட்டோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கி மேசை மேல் வைத்தவுடன் அது அருங்காட்சியகத்தின் சொத்தாகிவிடாது. முதலில் தற்காலிக ரசீது. கொடுத்தவர் பெயர், தேதி, என்ன பொருள், எதற்காக விட்டுச் செல்கிறார், எப்போது திருப்பி எடுப்பார் என்பவை அதில் இருக்க வேண்டும். இந்த ஒரு தாளைச் சோம்பலால் விட்டுவிட்ட இடங்களில் முப்பது ஆண்டு கழித்து "இது நன்கொடையா, பார்வைக்கு விட்டுப்போனதா?" என்ற வழக்கு வரும். அப்போது பதில் சொல்ல யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள்.

அடுத்து ஒரு குழு கூடி முடிவெடுக்கிறது. நமது நோக்கத்துக்கு இது பொருந்துமா? ஏற்கெனவே இதுபோல் எத்தனை இருக்கின்றன? வைக்க இடம் உண்டா? பராமரிக்கப் பணம் உண்டா? கொடுப்பவருக்குக் கொடுக்க உரிமை உண்டா? "இல்லை" என்று சொல்லத் தெரிவதே இந்தப் பணியில் பாதித் திறமை. அரசியல்வாதியின் நினைவுப் பரிசுகள், செல்வாக்குள்ளவரின் கடிகாரச் சேகரிப்பு என்று மரியாதைக்காக வாங்கிய பொருள்களால் கிடங்கு நிறைந்து, பிறகு தரமான பொருள் வரும்போது இடமில்லாமல் தவிக்கும் நிறுவனங்கள் ஏராளம்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. வயலில் உழும்போதோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ சிலையோ காசுப் பானையோ கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே போதும் என்கிறது அந்தப் பழைய சட்டம். இப்படி அரசு கையகப்படுத்தியவை பெருமளவில் அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எழும்பூரின் புகழ்பெற்ற செப்புத் திருமேனிகளில் பலவும் இந்த வழியில் வந்தவைதாம்.

ஏற்பது என்று முடிவானதும் நடப்பதுதான் சேர்க்கைப் பதிவு: பொருளைச் சட்டப்படி சேகரிப்பில் சேர்த்து, மாறாத ஓர் எண் கொடுப்பது. உலகில் பரவலாக உள்ள முறை மூன்று பகுதி எண். 2025.12.3 என்றால் 2025ஆம் ஆண்டில் வந்த பன்னிரண்டாவது வரவில் மூன்றாவது பொருள். எண்ணுக்குள்ளேயே "இது நாணயம்", "இது தஞ்சாவூர்" என்றெல்லாம் குறியீடு திணிக்கும் ஆசை எல்லாப் புதிய அலுவலருக்கும் வரும். வேண்டாம். நாளைக்கு வகைப்பாடு மாறும், மாவட்டம் பிரியும்; எண் மாறக்கூடாது.

எண்ணைப் பொருள் மேல் எழுதுவதிலும் முறை இருக்கிறது. கல், உலோகம், மட்பாண்டம் போன்றவற்றில் கண்ணில் படாத, தேய்மானம் இல்லாத ஓர் இடத்தில் பாரலாய்ட் பி-72 என்ற பிசினை மெல்லிய படலமாகத் தடவி, அது காய்ந்த பின் மையால் எண் எழுதி, மேலே இன்னொரு படலம் பூசுவார்கள். வேண்டும்போது அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் போய்விடும். தாளுக்குப் பின்புறம் மென்மையான பென்சில் மட்டும். துணிக்குப் பருத்தி நாடாவில் எண் எழுதி இரண்டு தையல். ஒட்டும் ஸ்டிக்கர், நகப்பூச்சு, பால்பாயின்ட் பேனா, செலோடேப் இவையெல்லாம் கூடாது. செலோடேப்பின் பசை மஞ்சளாகி ஊடுருவிய ஆவணத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு வல்லுநருக்கு நாள்கணக்கில் ஆகும். ஒட்டியவருக்கு ஒரு நொடிதான் ஆகியிருக்கும்.

வில்லங்கம் பார்ப்பது

ஒரு பொருள் செய்யப்பட்ட அல்லது தோண்டி எடுக்கப்பட்ட நாள் முதல் இன்றுவரை யார் யார் கையில் இருந்தது என்ற தொடர் வரலாற்றை உடைமை வரலாறு என்கிறோம். இதில் இரண்டு ஆண்டுகள் முக்கியம். கலாச்சாரப் பொருள்களின் கள்ளக்கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. இந்தியாவின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972இல் வந்தது. நூறு ஆண்டு கடந்த சிலை, ஓவியம் போன்றவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்வதை அது தடுக்கிறது. எனவே கடத்தல்காரர்கள் தயாரிக்கும் போலித் தாள்கள் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்லும்: "இந்தச் சட்டங்களுக்கு முன்பே இந்தியாவை விட்டு வந்துவிட்டது."

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து வாங்கியபோது அவர் காட்டியதும் அத்தகைய தாள்களைத்தான். விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை 2004இல் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டதும் அவர் மூலமாகத்தான். இந்தத் தாள்களின் பொய்யை உடைத்தது ஓர் ஆவணக் காப்பகம். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தமிழகக் கோயில் சிலைகளைப் படம் எடுத்து, ஊர், கோயில், தேதி எழுதிக் கோப்பில் வைத்திருந்தது. விருத்தாசலம் சிலை 1974இல் கோயில் மாடத்திலேயே இருந்ததை அந்தப் படம் காட்டியது. இரண்டு சிலைகளும் 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. 2011இல் ஜெர்மனியில் கைதான கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இதைக் கடத்தல்காரனின் கெட்டிக்காரத்தனமாக மட்டும் பேசுகிறோம். வாங்கிய இடத்தில் நடந்தது சேகரிப்பு நிர்வாகத்தின் தோல்வி. தாளில் உள்ள முந்தைய உரிமையாளரை நேரில் விசாரித்தார்களா, கையெழுத்தை ஒப்பிட்டார்களா, புதுச்சேரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டார்களா என்பதுதான் அங்கே இருக்க வேண்டிய வேலை. பொருளின் மேல் காதல் கொண்ட காப்பாட்சியர் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தயங்குவார். அது மனித இயல்பு. அதனால்தான் வாங்க விரும்புபவரும் தாள்களைச் சோதிப்பவரும் வேறு வேறு ஆள்களாக இருக்க வேண்டும்.

கிடங்கு என்று சொல்லக்கூடாதா?

சொல்லலாம். ஆனால் கிடங்கில் இருப்பதெல்லாம் வீணாகக் கிடப்பவை அல்ல. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் குறைந்தது 80 லட்சம் பொருள்கள் உள்ளன. காட்சியில் இருப்பவை ஏறத்தாழ ஒரு சதவீதம். உடைந்த ஓடுகள், ஒரே வகைக் காசுகள், பூச்சி மாதிரிகள் போன்றவை ஒப்பிட்டு ஆராயத்தான் வேண்டும். பார்வையாளருக்கு நூறு ஓடுகளில் இரண்டே போதும். சிலவற்றைக் காட்சியில் தொடர்ந்து வைக்கவும் கூடாது. துணி, நீர்வண்ண ஓவியம், பழைய புகைப்படம், சாயம் ஏற்றிய தாள் ஆகியவற்றுக்கு ஒளி 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது பொருள்மேல் விழும் வெளிச்சத்தின் அலகு) வரம்பு. எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். வெளிச்சத்தால் ஏற்படும் மங்கல் கூடிக்கொண்டே போகும், திரும்பாது. 50 லக்ஸிலேயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் வைத்தால் 1,20,000 லக்ஸ்-மணி. அதனால்தான் ஒரு கலம்காரித் துணியைச் சில மாதங்கள் காட்டிவிட்டுச் சில ஆண்டுகள் இருட்டில் ஓய்வெடுக்க விடுகிறார்கள். "போன தடவை இருந்தது, இப்போது எடுத்துவிட்டார்கள்" என்று புகார் சொல்வோர் இதை நினைவில் வைக்கலாம்.

கடலோர நகரமான சென்னையில் ஈரப்பதம்தான் தலைவலி. 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் தாளிலும் தோலிலும் பூஞ்சை வரும். பல நாட்டு அருங்காட்சியகங்கள் இன்று பின்பற்றும் பரந்த வரம்பு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம், 16 முதல் 25 டிகிரி வெப்பம். ஆனால் எண்ணைவிட ஏற்ற இறக்கமே அதிகக் கெடுதல் செய்கிறது. பகலில் ஏசி போட்டு, மாலை ஐந்தரைக்கு மின்கட்டணத்துக்குப் பயந்து அணைத்துவிட்டால், குளிர்ந்த பொருள்மேல் இரவின் ஈரக்காற்று படிகிறது. மரம் உப்பிச் சுருங்கி வெடிக்கிறது. இப்படி நடத்துவதைவிட ஏசியே இல்லாமல், கனமான சுவரும் மெல்லிய காற்றோட்டமும் உள்ள அறை மேல்.

செப்புத் திருமேனிகளுக்கு என்று தனி நோய் ஒன்று உண்டு. மண்ணில் புதைந்திருந்தபோது ஏறிய குளோரைடு உப்பு, ஈரம் பட்டால் உயிர்பெற்று உலோகத்தை அரிக்கத் தொடங்கும். அடையாளம்: கரும்பச்சை மேற்பரப்பில் வெளிறிய பச்சைப் பொடியாகப் புள்ளிகள். சுரண்டினால் மறுபடி வரும். ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே பிடித்து, காட்சிப்பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து, உப்பை வெளியேற்றும் சிகிச்சை செய்தால்தான் நிற்கும். எழும்பூரில் 1930களில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தைத் தொடங்கி, மின்பகுப்பு முறையில் திருமேனிகளைச் சுத்தம் செய்த எஸ். பரமசிவன் இந்தியாவில் இத்துறைக்கே முன்னோடி.

இன்னொரு பொறி: அழகான தேக்கு அலமாரி. மரம் வெளியிடும் கரிம அமில ஆவி ஈயத்தை அரிக்கும். சாதவாகனர் ஈயக் காசுகளைக் கண்ணியமாக மர இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சில ஆண்டு கழித்துத் திறந்தால் வெள்ளைப் பொடி காத்திருக்கும். சூட்டில் பூச்சு ஏற்றிய எஃகு அலமாரியே பாதுகாப்பு.

ஒரு கிடங்கு நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க, பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான இக்ரோமின் ரீ-ஆர்க் முறை எளிய அளவுகோல்கள் தருகிறது. எந்தப் பொருளையும் மூன்று நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். அதை எடுக்க இரண்டுக்கு மேல் வேறு பொருள்களை நகர்த்தத் தேவைப்படக் கூடாது. உங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் இந்தக் கேள்வியைப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டியது: காட்டாமல் வைப்பதும் பராமரிப்புதான். ஆனால் எங்கே என்று தெரியாமல் வைப்பது பராமரிப்பு அல்ல.

எண்ணிப் பார்ப்பது

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 2,000 பொருள்கள் திருடப்பட்டும் காணாமல் போயும் சேதப்படுத்தப்பட்டும் இருப்பது 2023 ஆகஸ்டில் வெளிவந்தது. இயக்குநர் ஹார்ட்விக் ஃபிஷர் பதவி விலகினார். கிரேக்க, ரோமானிய ரத்தினக் கற்களும் தங்க நகைகளும் அவற்றில் அடங்கும். 2021லேயே ஒரு கலைப்பொருள் வணிகர் எச்சரித்தும் நிர்வாகம் கோட்டை விட்டிருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது பூட்டும் காவலாளியும் அல்ல. போனவற்றில் பல, தனித்தனியாக எண்ணோ படமோ இல்லாமல் தொகுப்பாகக் கிடந்த சிறிய கற்கள். பதிவில்லாத பொருளைத் திருடினால் திருட்டு நடந்ததே தெரியாது; விற்பனையில் பார்த்தாலும் "இது நம்முடையது" என்று நிரூபிக்க முடியாது. மீதமுள்ள 24 லட்சம் பதிவுகளை ஐந்தாண்டுகளில் இணையத்தில் ஏற்றி முடிப்போம் என்று அந்த ஆண்டே அறிவித்தார்கள்.

ஆகவே கணக்கெடுப்பை இரு திசையிலும் செய்ய வேண்டும். பதிவேட்டிலிருந்து கண்ணை மூடிச் சில எண்களை எடுத்து, அவை அலமாரியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஒன்று. அலமாரியிலிருந்து சில பொருள்களை எடுத்து, அவை பதிவேட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பது மற்றொன்று. முதலாவது, காணாமல் போனதைக் காட்டும். இரண்டாவது, பதிவே ஆகாததைக் காட்டும். லண்டனில் ஓட்டை இருந்தது அங்கேதான். சாவி வைத்திருப்பவரே எண்ணிக் கையெழுத்திடுவது கணக்கெடுப்பு ஆகாது. வேறு பிரிவிலிருந்து ஒருவர் கூட இருக்க வேண்டும்.

கணினியில் ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. இந்திய அரசு அருங்காட்சியகங்களுக்காக மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ஜதன் என்ற மென்பொருள் பல இடங்களில் பயன்பாட்டில் உள்ளது, நல்ல கருவி. ஆனால் பழைய பதிவேட்டில் "சிலை, 1, உடைந்தது" என்று இருப்பதை அப்படியே தட்டச்சு செய்தால் கிடைப்பது கணினிக்குள் "சிலை, 1, உடைந்தது". அளவு, எடை, எதனால் செய்தது, அடையாளக் கீறல், குறைந்தது நான்கு பக்கப் படம் ஆகியவற்றைப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு புதிதாக எழுதினால்தான் பயன். பழைய கைப்பிரதிப் பதிவேட்டைத் தூக்கி எறியவும் கூடாது. அதன் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிய குறிப்பில்தான் பல நேரம் பொருள் கிடைத்த ஊரின் பெயர் இருக்கும்.

இரவல் கொடுப்பது

வெளிநாட்டுக் கண்காட்சிக்கு ஒரு நடராசர் போகிறார் என்றால் மாதக்கணக்கில் முன்பே வேலை தொடங்கும். இரவல் வாங்குபவரின் கட்டடம், காவல், தீயணைப்பு, ஈரப்பதப் பதிவுகள் பற்றிய விவரத்தை எழுத்தில் கேட்பார்கள். காப்பீடு சுவரிலிருந்து சுவர்வரை இருக்க வேண்டும்: நமது பீடத்திலிருந்து எடுத்த நொடி முதல் அதே பீடத்தில் திரும்ப வைக்கும் நொடிவரை.

பெட்டியில் ஏறும்முன் நிலை அறிக்கை தயாராகும். பொருளில் இப்போது உள்ள ஒவ்வொரு விரிசல், தேய்வு, கறையையும் படத்தில் குறித்து, தேதியோடு கையெழுத்திட்ட ஆவணம் அது. புறப்படும்போது ஒன்று, அங்கே பெட்டி திறக்கும்போது ஒன்று, திரும்பக் கட்டும்போது ஒன்று, இங்கே வந்தபின் ஒன்று என நான்கு முறை ஒப்பிடுவார்கள். "நல்ல நிலையில் உள்ளது" என்று ஒரே வரியில் எழுதிய அறிக்கையால் பிறகு விரல் உடைந்ததற்கு இழப்பீடு கேட்க முடியாது. வந்த பெட்டியை உடனே திறக்கவும் கூடாது. அறையின் தட்பத்துக்குப் பழக 24 மணி நேரமாவது மூடியபடியே விட வேண்டும். திறப்பு விழா நாளைக்கு என்று அமைச்சர் அலுவலகம் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதவரே நல்ல சேகரிப்புத் தலைவர்.

"இவ்வளவு இருக்கிறதே, விற்றால் என்ன?"

சேகரிப்பிலிருந்து ஒரு பொருளை முறைப்படி விலக்குவது சேர்க்கை நீக்கம். எல்லா நாட்டிலும் ஒரே விதி இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை 1963ஆம் ஆண்டின் தனிச்சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. சில விதிவிலக்குகள் தவிர விற்கவோ கொடுக்கவோ முடியாது. திருப்பித் தரச் சொல்லும் ஒவ்வொரு வாதத்திலும் அவர்கள் காட்டும் கவசமும் அதுதான். அமெரிக்காவில் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் தனியார் அறக்கட்டளைகள் என்பதால் விற்க முடியும். ஆனால் அந்தப் பணத்தில் வேறு கலைப்பொருள் வாங்கலாமே ஒழிய, சம்பளமோ கூரை ஒழுகலோ பார்க்கக் கூடாது என்பதே நெடுங்காலம் தொழில்முறை நெறியாக இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் இந்த நெறியை இரண்டாண்டுக்குத் தளர்த்தினார்கள். 2020 அக்டோபரில் பால்டிமோர் கலை அருங்காட்சியகம் அமெரிக்க ஓவியர் ஆன்டி வார்ஹோலின் ஓவியம் உட்பட மூன்றை விற்க முயன்று, எதிர்ப்பு வலுத்ததால் விற்பனைக்குச் சில மணி நேரம் முன்பு பின்வாங்கியது. 2022 முதல், விற்ற பணத்தைச் சேகரிப்பின் நேரடிப் பராமரிப்புக்கும் செலவிடலாம் என்று விதி மாறியிருக்கிறது.

இந்திய அரசு அருங்காட்சியகங்களில் விற்பனை என்ற பேச்சே பொதுவாக இல்லை. அது பாதுகாப்பும்கூட, சாக்கும்கூட. பூச்சி அரித்துத் தூளாகிப்போன, பாடம் செய்த பறவையைக்கூடப் பதிவேட்டிலிருந்து நீக்க அலுவலர்கள் அஞ்சுவதால், இல்லாத பொருள்கள் தாளில் வாழ்கின்றன. காரணம், குழு முடிவு, படம், தேதி எல்லாம் எழுதி முறையாக நீக்குவது மறைப்பதைவிட நேர்மையானது. நீக்கிய பொருளின் எண்ணை மட்டும் வேறு பொருளுக்குக் கொடுக்கவே கூடாது.

இந்தப் பணிக்கு எப்படி வருவது?

இதற்கு நேர்வழி என்று ஒன்று இருந்ததில்லை. கிரேஸ் மெக்கான் மார்லியின் வாழ்க்கை ஒரு நல்ல எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியாவில் 1900இல் பிறந்து, பாரிஸில் முனைவர் பட்டம் பெற்று, சின்சினாட்டி கலை அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருந்து, 1935இல் சான் பிரான்சிஸ்கோ கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரானார். 1940களின் பிற்பகுதியில் யுனெஸ்கோவின் அருங்காட்சியகப் பிரிவை நடத்தினார். 1960இல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக வந்தார். அங்கிருந்து 1966இல் விலகிய பின்னும் ஊர் திரும்பவில்லை. சர்வதேச அருங்காட்சியகக் கழகத்தின் ஆசியக் கிளையை டெல்லியிலிருந்தே நடத்தி, இப்பகுதி அருங்காட்சியகப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதில் எஞ்சிய காலத்தைச் செலவிட்டார். 1982இல் பத்மபூஷண், 1985இல் டெல்லியிலேயே மறைவு. காப்பாட்சியர், இயக்குநர், கொள்கை வகுப்பவர், பயிற்சியாளர் என ஒரே ஆள் நான்கு வேலை பார்த்த வாழ்க்கை அது.

இன்று இந்தியாவில் படிப்பதென்றால் அருங்காட்சியகவியல் முதுகலை. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் இத்துறை 1952 முதல் இருக்கிறது. கல்கத்தா, பனாரஸ் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. பாதுகாப்பு வல்லுநராக விரும்புவோர் வேதியியல் பட்டத்தோடு வந்து, லக்னோவில் உள்ள, கலாச்சாரச் சொத்துகளைப் பாதுகாப்பதற்கான தேசிய ஆய்வகத்தின் பயிற்சிகளைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் காப்பாட்சியர் பணிக்குத் தேர்வாணையம் பாட வாரியாகத் தகுதி கேட்கிறது: மானிடவியல், தொல்லியல், விலங்கியல் என்று. துறையின் உச்சப் பொறுப்பில் பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரி இருப்பார், இரண்டு மூன்று ஆண்டில் மாறியும் போவார். எனவே நிறுவனத்தின் நினைவு காப்பாட்சியர்களிடமும் பதிவேட்டிலும்தான் தங்குகிறது.

மேலே போகப் போக வேலை பொருளிலிருந்து விலகிப் பணத்தை நோக்கி நகரும். புதிய கூடம் திறக்க நிதி கேட்டால் ரிப்பன் வெட்டும் படத்தோடு கிடைத்துவிடும். கிடங்குக்கு எஃகு அலமாரி கேட்டால் கிடைக்காது, ஏனென்றால் அங்கே படம் எடுக்க யாரும் வருவதில்லை. அனுபவமுள்ளவர்கள் செய்யும் உத்தி, கூடத்துக்கான திட்ட மதிப்பீட்டிலேயே அதில் வைக்கப்போகும் பொருள்களுக்கான பதிவு, படமெடுப்பு, சிகிச்சை, கிடங்குச் செலவுகளைத் தனி வரிகளாகச் சேர்த்துவிடுவது. தனியாகக் கேட்டால் வெட்டப்படும் தொகை, கூடத்தோடு சேர்ந்து வந்தால் தப்பிக்கும்.

பொறுப்பேற்ற முதல் மாதத்தில் என்ன செய்வது என்று கேட்டால் வரிசை இதுதான். எத்தனை சாவிகள், யார் யாரிடம் என்று பட்டியல் எடுங்கள். எல்லாப் பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதியை வேறு கட்டடத்தில் வையுங்கள். டெல்லி தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரலில் எரிந்தபோதும், பிரேசில் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பரில் எரிந்தபோதும் கட்டடத்துக்குள் மட்டுமே இருந்த பதிவுகள் பொருளோடு சேர்ந்தே போயின. பிறகு கூரையைப் பாருங்கள், குறிப்பாக ஐப்பசிக்கு முன்னால். குழாய் ஓடும் சுவரை ஒட்டியும் தரையிலும் உள்ளவற்றை ஒரு சாண் உயரமாவது தூக்கி வையுங்கள். அதற்கப்புறம் எண்ணத் தொடங்குங்கள், மிகச் சிறிய, மிக விலையுயர்ந்த, சட்டைப்பையில் போடக்கூடிய பொருள்களிலிருந்து.